உண்மைக்குத் தள்ளுபடி

தை மாசம், வளர்பிறை முகூர்த்தம். ஊரில் உள்ள அத்தனை கல்யாண மண்டபமும் நிறைந்து வழிகிற நாள். அன்றைக்குப் போய், ரூம் புக் பண்ணாமல் ராஜபாளையத்தில் இறங்கியது என் தப்புதான்.

இது நடந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். நண்பரின் மகள் கல்யாணம். ‘நீங்க வாங்க, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்’ என்று போனில் சொல்லியிருந்தார். கல்யாண வீட்டுக்காரர் சொல்கிற ‘எல்லாம்’ என்பதில் ரூம் அடங்காது என்பது இத்தனை வயசுக்கு எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். காலையில் பொதிகை எக்ஸ்பிரஸை விட்டு இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு மூன்று லாட்ஜ் ஏறி இறங்கினேன். ‘ஃபுல் சார்.’ ‘ஃபுல்.’ மூன்றாவது இடத்தில் வாயைக்கூடத் திறக்கவில்லை, கையை மட்டும் விரித்தார்கள்.

நான்காவது, பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு பழைய லாட்ஜ். வசதி என்றால் அப்படி ஒரு வசதி. கீழே இறங்கினால் டீக்கடை. எதிரே மெடிக்கல் ஷாப். கல்யாண மண்டபம் நடக்கிற தூரம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வாசலிலேயே கிடைக்கும். மேஜைக்குப் பின்னால் நெற்றி நிறைய விபூதியோடு அறுபது வயசுக்காரர் ஒருவர். முதலாளியும் அவர்தான், மேனேஜரும் அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

“ஒரு ரூம் இருக்கு சார். ரெண்டாவது மாடி, மூலை ரூம். ரெண்டு ஜன்னல். மேற்கால பாத்தா மலை தெரியும். நம்ம லாட்ஜ்லயே நல்ல ரூம் அதுதான்.”

“வாடகை எவ்வளவு அண்ணாச்சி?”

“தொள்ளாயிரம்.”

சந்தோஷமாகப் பேனாவை எடுத்தேன். அவர் லெட்ஜரை என் பக்கம் தள்ளவில்லை. அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

“எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும். போன ஆடிப் பௌர்ணமிக்கு சதுரகிரி ஏற வந்தவர் ஒருத்தர் அந்த ரூம்ல தங்கியிருந்தார். வயசு எழுபதுக்கு மேல இருக்கும். மலை ஏறி சாமி பாத்துட்டு வந்து, ராத்திரி ரெண்டு இட்லி சாப்பிட்டுப் படுத்தார். காலையில எழுந்திரிக்கல. ஹார்ட்டுன்னு டாக்டர் சொன்னார். வேற ஒண்ணும் கிடையாது. போலீஸ் வந்து பாத்துட்டு, மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டார். அவிட்டத்துல போயிருக்கார். ஆறு மாசம் அடைப்பு. தை பொறந்துதான் கதவைத் திறந்து, வெள்ளையடிச்சு, ஐயரைக் கூப்பிட்டு எல்லாம் பண்ணியாச்சு. உங்களுக்கு முன்னாடி நாலு பேர்கிட்ட சொன்னேன். வேண்டாம்னு போயிட்டாங்க. அது அவங்க இஷ்டம். நீங்களும் யோசிச்சுச் சொல்லுங்க.”

அடைப்பு என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவிட்டம் முதல் ரேவதி வரை ஐந்து நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால், உயிர் பிரிந்த அறையை ஆறு மாசம் பூட்டிவைப்பது நம் பக்கத்து வழக்கம். தனிஷ்டா பஞ்சமி என்பார்கள். அது வீட்டுக்கான சம்பிரதாயம். வாடகைக்கு விடுகிற லாட்ஜ் ரூமுக்கு, யாரோ ஒரு வெளியூர்க்காரருக்காக அதைப் பார்த்தவரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

இப்படி ஒருவர் முன்னால் நிற்கும்போது நல்ல மனுஷன் என்ன செய்வான்? ஒன்று, ‘மன்னிச்சுக்கோங்க, எனக்கு மனசு ஒப்பலை’ என்று பையைத் தூக்கிக்கொண்டு போவான். இல்லை, ‘சொன்னதுக்கு நன்றி’ என்று கையெழுத்துப் போடுவான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா?

“எனக்கு அதெல்லாம் பயமில்லை அண்ணாச்சி. பத்திரிகைக்காரன், பாக்காத சாவா! ஆனா... அப்படின்னா ரேட்டு?”

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. “எழுநூறு கொடுங்க” என்றார். லெட்ஜரைத் தள்ளினார்.

இருநூறு ரூபாய் மிச்சம். படியேறும்போது ஜெயித்த மாதிரி இருந்தது.

ரூம் அவர் சொன்னதைவிட நன்றாக இருந்தது. சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. மேற்கு ஜன்னலில் மலை. கிழக்கு ஜன்னலில் பஸ் ஸ்டாண்டு. குழாயில் தண்ணீர், பக்கெட்டில் ஓட்டை இல்லை, பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள். லாட்ஜ் வாசம் பழகியவர்களுக்கு இதெல்லாம் எவ்வளவு பெரிய பாக்கியம் என்று தெரியும். குளித்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போனேன்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் கதையைச் சொன்னேன். ஒருவர் “அய்யய்யோ, அங்கயா தங்கியிருக்கீங்க?” என்றார். இன்னொருவர் என் முதுகில் தட்டி, “பரவாயில்லையே, சந்தடி சாக்குல இருநூறு குறைச்சுட்டீங்களே!” என்று பாராட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான், அந்தப் பாராட்டு இலையில் வைத்த ஊறுகாய் மாதிரி இல்லாமல், தொண்டையில் சிக்கிய முள் மாதிரி உறுத்தத் தொடங்கியது.

பி.காம். படித்த காலத்தில் வணிகச் சட்டம் என்று ஒரு பேப்பர் உண்டு. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். அதில் 17-வது பிரிவு மோசடியைப் பற்றியது. பொய் சொல்வது மோசடி, மறைப்பது மோசடி, சரி. பேசாமல் இருப்பது? வெறுமனே வாய் மூடி இருப்பது மோசடி ஆகாது என்கிறது சட்டம். பேச வேண்டிய கடமை இருந்தாலோ, மௌனமே பேச்சுக்குச் சமமாகிவிட்டாலோதான் மோசடி. இதற்கு உதாரணமாகச் சட்டத்திலேயே ஒரு குதிரை வரும். கோளாறுள்ள குதிரையை ஒருவன் ஏலத்தில் விற்கிறான். கோளாறைப் பற்றி வாயே திறக்கவில்லை. மோசடி இல்லை. வாங்குகிறவள் அப்போதுதான் மேஜரான அவன் சொந்த மகள் என்றால், சொல்ல வேண்டிய கடமை வந்துவிடுகிறது. வாங்குகிறவர், ‘நீங்க மறுத்துச் சொல்லலைன்னா குதிரை நல்லா இருக்குன்னு எடுத்துக்குவேன்’ என்று சொன்ன பிறகும் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

ராஜபாளையத்தில் குதிரைக்குப் பதில் நாய்க்குட்டியைப் போட்டுக்கொள்ளலாம். பால் வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்குமாக இருக்கிற ராஜபாளையம் நாய் 2005-இல் தபால் தலையிலேயே வந்துவிட்டது. அந்த இனத்தில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் பிறப்பதுண்டு. குட்டிக்குக் காது கேட்காது என்று விற்கிறவனுக்குத் தெரியும். வாங்க வந்தவர் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. 1872-ஆம் வருஷத்துக் குதிரைக்காரன் தப்பித்த மாதிரி இவனும் தப்பித்துவிடலாம். ஆனால் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காத குட்டியோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கு என்ன பதில்? சட்டம் விட்டுவிடுகிற இடத்தில்தான் நியாயம் ஆரம்பிக்கிறது.

என் பி.காம். மூளைக்கு எட்டியவரை, அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டு லெட்ஜரைத் தள்ளியிருந்தால் சட்டம் அவரை ஒன்றும் செய்திருக்காது. நான் கேட்கவில்லை. கட்டில் ஆடவில்லை. கூரை ஒழுகவில்லை. ஒரு முதியவர் தூக்கத்தில் போய்விட்டார், அவ்வளவுதான்.

உலகம் முழுக்க இந்தக் கேள்வி இருக்கிறது. ஜப்பானில் இப்படிச் சாவு நடந்த வீடுகளுக்கு ‘ஜிகோ புக்கென்’ என்று தனிப் பெயரே உண்டு. வாடகையும் பெரும்பாலும் குறைவு. எதைச் சொல்லணும், எதைச் சொல்ல வேண்டாம் என்று அங்கே ஓயாத தகராறு. கடைசியில் 2021 அக்டோபரில் அந்த நாட்டு அரசே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. வயோதிகம், நோய் என்று இயற்கையாக வந்த சாவை வீட்டுத் தரகர் பொதுவாகச் சொல்ல வேண்டியதில்லை. தற்கொலை, கொலை போன்றவை என்றால், வாடகை வீட்டுக்கு ஏறத்தாழ மூன்று வருஷம் வரை சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலச் சட்டமும் மூன்று வருஷக் கணக்குதான் வைத்திருக்கிறது. அதற்கு முன்னால் நடந்த சாவைத் தானாக முன்வந்து சொல்லவில்லை என்பதற்காக வழக்குப் போட முடியாது. ஆனால் வாங்குகிறவர் நேராகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. நியூயார்க்கில் 1991-இல் இன்னும் வேடிக்கையான தீர்ப்பு ஒன்று வந்தது. வீட்டுக்கார அம்மா தன் வீட்டில் ஆவிகள் இருப்பதாக முன்பு பத்திரிகைகளில் சொல்லியிருக்கிறார். வீட்டை விற்கும்போது வெளியூரிலிருந்து வந்தவரிடம் அதைச் சொல்லவில்லை. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போயிற்று. நீதிபதிகள் என்ன சொன்னார்கள்? ஆவி உண்டா இல்லையா என்ற ஆராய்ச்சிக்கே போகவில்லை. ‘ஊருக்கெல்லாம் ஆவி உண்டு என்று சொன்னீர்களே, அப்படியானால் சட்டப்படி அது ஆவி இருக்கும் வீடுதான்’ என்று முடிவு கட்டி, வாங்கியவர் ஒப்பந்தத்திலிருந்து விலக வழி செய்துவிட்டார்கள்.

ஜப்பான் கணக்குப்படி பார்த்தாலும் அண்ணாச்சி சொல்லியிருக்கத் தேவையே இல்லை. வயசான மனுஷர், இயற்கையான சாவு. எதிலும் கடமை இல்லாத இடத்தில் அவர் சொன்னார்.

சொன்னது சரிதானா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சாவு நடக்காத இடம் எது? நாம் பிறந்த வீட்டில், அதே கூடத்தில்தான் தாத்தா போனார், பாட்டி போனார். அங்கேதான் படுத்துத் தூங்கினோம், அங்கேயே தீபாவளி கொண்டாடினோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நமக்கு முன்னால் படுத்திருந்தவர் என்ன ஆனார் என்று யார் கேட்கிறோம்? தவிர, இறந்துபோனவருக்கும் ஒரு மரியாதை உண்டு. எழுபது வருஷம் வாழ்ந்து, மலையேறிச் சாமி பார்த்துவிட்டு நிம்மதியாகக் கண் மூடியவரை, ஒழுகுகிற குழாய் மாதிரி ரூமின் ‘குறை’யாக ஆக்கிவிடலாமா?

அதோடு, வாடிக்கையாளர் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற எல்லாமும் அவருடைய உரிமை ஆகிவிடாது. கோயில் ஊர்களில் சத்திரங்கள் சாதிக்கு ஒன்றாக இருந்த காலம் உண்டு. ‘இதுக்கு முன்னாடி இந்த ரூம்ல யார் தங்கியிருந்தா?’ என்று அந்தக் காலத்தில் ஒருவர் கேட்டால், அவர் கேட்பது பெயரை அல்ல. ஓட்டலில் சாதி, மதம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்று 1950-இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவே சொல்லிவிட்டது. இன்றைக்கும் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டால், மேனேஜர் சொல்ல வேண்டிய ஒரே பதில், ‘ஒரு மனுஷர் தங்கியிருந்தார்.’ அங்கே சொல்லாமல் இருப்பதுதான் நேர்மை.

அப்படியானால் எதைச் சொல்வது, எதை விடுவது? எனக்குத் தோன்றுகிற அளவுகோல் இதுதான். பின்னால் தெரியவந்தால் வாங்கினவர் ‘ஏமாத்திட்டாங்களே’ என்று நினைப்பாரா? அந்த வருத்தத்தை நாலு பேர் முன்னால் வெட்கப்படாமல் சொல்ல முடியுமா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால் சொல்லிவிடுவது நல்லது. சாதி கேட்டவர் இரண்டாவது கேள்வியில் அடிபட்டுப் போவார். சாவுக்குப் பயப்படுகிறவர் அடிபட மாட்டார். அந்தப் பயம் நம் எல்லோருக்கும் பொது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதனால் அண்ணாச்சி செய்தது சரி என்றே நினைக்கிறேன். அதுவும் அந்த முதியவரை ‘ஹார்ட்டு கேஸ்’ என்று சுருக்கிவிடவில்லை. சாமி பார்த்ததையும் ரெண்டு இட்லி சாப்பிட்டதையும் சேர்த்துத்தான் சொன்னார்.

அவர் பங்கு முடிந்தது. என் பங்கு?

அந்த இருநூறு ரூபாய் எதற்கு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஃபேன் ஓடியது. தண்ணீர் வந்தது. மலை தெரிந்தது. தொள்ளாயிரம் ரூபாய் ரூமில் என்னவெல்லாம் உண்டோ அவ்வளவும் இருந்தது. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், முகூர்த்த நாளில் ரூம் கிடைத்ததே என்று ஆயிரம்கூடக் கொடுத்திருப்பேன். அப்படியானால் நான் குறைத்தது ரூம் வாடகையை அல்ல. அவர் உண்மை சொன்னதற்கு இருநூறு ரூபாய் அபராதம் போட்டிருக்கிறேன்.

‘இதில் என்ன தப்பு? கிராக்கி குறைந்தால் விலை குறையும். சந்தை அப்படித்தான்’ என்று என்னுள் இருக்கிற பி.காம். வாதாடினான். வாதம் பலமானதுதான். பயந்து ‘வேண்டாம்’ என்று போன நாலு பேரை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பயம் உண்மை. பயந்துகொண்டே வேறு வழியில்லாமல் தங்கி, கொஞ்சம் குறைத்துக் கேட்டிருந்தாலும் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் நான்? ‘எனக்குப் பயமில்லை’ என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் பயந்தவனுக்கான விலையைக் கேட்டேன். அந்த நாலு பேரின் பயத்தை நான் காசாக்கிக்கொண்டேன்.

அண்ணாச்சி பக்கக் கணக்கையும் பார்த்தேன். ஆறு மாசம் என்றால் 180 நாள். பாதி நாள்தான் ஆள் வந்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும் 90 நாள். நாளைக்கு 900. மொத்தம் 81,000 ரூபாய். முன்பின் தெரியாத ஒருவரின் சாவுக்கு மரியாதையாக அவ்வளவையும் விட்டுவிட்டு, கதவைத் திறந்து உட்கார்ந்திருக்கிற மனுஷரிடம்தான் நான் பேரம் பேசியிருக்கிறேன்.

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆண்டாளைப் பார்க்கணும், பால்கோவா வாங்கணும். அந்த ஊருக்குப் போகிற எல்லோருக்கும் உள்ள இரண்டு வேலை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தாகிவிட்டது. பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் இல்லாத, விறகு அடுப்பில் கிண்டிக் கிண்டி இறக்குகிற சமாசாரம்.

முதல் கடையில் ஒரு பெண் இருந்தார். “அரை கிலோ குடுங்கம்மா. இன்னிக்குப் போட்டதா?” என்று கேட்டேன்.

“இல்ல சார். இது நேத்து சாயங்காலம் இறக்கினது. நல்லாத்தான் இருக்கும். இன்னிக்குள்ளது வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.”

“அப்படியா, சரிம்மா” என்று நகர்ந்தேன். என் பின்னால் நின்ற தம்பதியும் நகர்ந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் நான் கேட்பதற்கு முன்னாலேயே, “இப்பத்தான் சார், அடுப்புலேர்ந்து இறக்கி வெச்சேன்” என்றார். அரை கிலோ வாங்கிப் பையில் வைக்கும்போதுதான் உறைத்தது. டப்பா சில்லென்று இருந்தது.

ஒரே நாளில் இரண்டாவது தடவை! உண்மை சொன்ன அம்மாவிடம் விற்காமல் போன அரை கிலோ, பொய் சொன்னவரிடம் விற்றது. நாளைக்கு அந்த அம்மா என்ன செய்வார்? நாளைக்கு இல்லாவிட்டாலும் அடுத்த மாசம்? வாடகையும் கரண்ட் பில்லும் அவருக்கும் உண்டு அல்லவா? ஒருநாள் அவரும் ‘இப்பத்தான் சார்’ என்று சொல்லக் கற்றுக்கொள்வார். சொல்லிக் கொடுத்த வாத்தியார் யார்? நான்தான்.

ஜார்ஜ் அகெர்லாஃப் என்கிற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். பழைய கார் சந்தையைப் பற்றி. நல்ல கார் எது, ஓட்டைக் கார் எது என்று விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவன் எல்லாவற்றுக்கும் நடுவாந்தர விலைதான் கொடுப்பான். அந்த விலைக்குக் கட்டாது என்று நல்ல கார் வைத்திருப்பவன் சந்தையை விட்டே போய்விடுவான். கடைசியில் ஓட்டைக் கார்கள் மட்டும் மிஞ்சும். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்தக் கட்டுரையும் ஒரு முக்கியக் காரணம். அதில் வாங்குகிறவன் விஷயம் தெரியாத அப்பாவி. நான் அப்படிக்கூட இல்லை. விஷயத்தைச் சொன்ன பிறகுதான் அபராதம் போட்டேன்.

யோசித்துப் பாருங்கள். ‘சாதாரணக் காய்ச்சல்தான், ஊசி வேண்டாம், தானாப் போயிடும்’ என்று சொல்கிற டாக்டரை விட்டுவிட்டு, ஊசி போடுகிற டாக்டரிடம் போகிறோம். ‘இந்த வேலை எனக்குச் சரியா வராது சார்’ என்று ஒப்புக்கொள்கிற மெக்கானிக்கைக் கேலி செய்கிறோம். கணக்கில் 32 மார்க் என்று ரேங்க் கார்டை நேராகக் கொண்டுவந்து நீட்டுகிற பிள்ளைக்கு அறை விழுகிறது. அந்த அறை எதற்கு? 32-க்கா, நீட்டியதற்கா? நாம் 32-க்கு என்று நினைத்து அடிக்கிறோம். பிள்ளை, நீட்டியதற்கு என்று நினைத்து வாங்கிக்கொள்கிறது. அடுத்த தடவை ரேங்க் கார்டு நம்மிடம் வராது. அப்பா கையெழுத்து மட்டும் அதில் இருக்கும்!

அப்புறம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, ‘இந்தக் காலத்துல யார் சார் உண்மை பேசறாங்க’ என்று பெருமூச்சு விடுகிறோம்.

வியாபாரி பிறர் பொருளையும் தன்னுடையதாக நினைத்து நடக்க வேண்டும் என்று திருக்குறளில், நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் சொல்லிவிட்டார். விற்கிறவனுக்கு ஒழுக்கம் சொல்ல ஆள் நிறைய. வாங்குகிறவனுக்கு?

அதற்கான பதில் அன்றைக்குக் கோயிலுக்குள் கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆண்டாள் தன் முகம் பார்த்ததாகச் சொல்கிற கண்ணாடிக் கிணற்றுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். கதை எல்லோருக்கும் தெரியும். பெருமாளுக்குக் கட்டிய மாலையை மகள் தினமும் தான் சூடி அழகு பார்த்துவிட்டு, திரும்பக் கூடையில் வைத்துவிடுகிறாள். ஒருநாள் பெரியாழ்வாருக்குத் தெரிந்துவிடுகிறது. அவர் மட்டும் பேசாமல் இருந்திருந்தால் ஊரில் யாருக்குத் தெரியும்? அவர் அதைச் சாத்தவில்லை. ‘சூடிய மாலையைக் கொடுக்க மாட்டேன்’ என்று நின்றார். வாங்கிக்கொள்கிற இடத்தில் இருந்த பெருமாள் என்ன செய்தார்? கனவில் வந்து, அவள் சூடியதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார் என்பது நம்பிக்கை.

பக்தர்கள் அந்தக் கதையில் காதலைப் பார்ப்பார்கள். அன்றைக்கு என் கண்ணுக்கு இன்னொன்றும் தெரிந்தது. உண்மை வெளியே வந்த பிறகு, மாலையின் மதிப்பு குறையவில்லை, கூடியது. ஒளிக்காமல் நின்ற அப்பாவுக்கு அங்கே அபராதம் இல்லை. உண்மையை எப்படி வாங்கிக்கொள்வது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

ராத்திரி ரூமுக்குத் திரும்பினேன். பயமில்லை என்று வீறாப்பாகச் சொன்னேனே, பாத்ரூம் லைட்டை அணைக்காமல்தான் படுத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரியவரை நினைத்துக்கொண்டேன். அவரும் இதே ஜன்னல் வழியாக மலையைப் பார்த்திருப்பார். கால் வலித்திருக்கும். ‘ஏறிட்டோம்’ என்ற திருப்தி இருந்திருக்கும். அப்புறம் எப்போது தூங்கினேன் என்று தெரியாது. காலையில் பஸ் ஹாரன் கேட்டுத்தான் விழித்தேன்.

சாவியைக் கொடுக்கும்போது, இரண்டு நூறு ரூபாய் நோட்டை மேஜைமேல் வைத்தேன்.

“என்ன சார் இது?”

“நேத்து குறைச்சது அண்ணாச்சி. ரூம் நல்லா இருந்தது. முழு வாடகையும் எடுத்துக்கோங்க.”

“பில் எழுநூறுக்குப் போட்டாச்சே சார். லெட்ஜரைத் திருத்தக் கூடாது” என்று நோட்டை என் பக்கமே தள்ளிவிட்டார். கணக்குப் படித்தவனுக்கு அதற்குமேல் பேச வாய் ஏது?

“ஒண்ணு கேக்கலாமா? நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்லை. ஏன் சொன்னீங்க?”

“பையனும் அதான் சார் சண்டை போடறான். கதவு நம்பரை மாத்திட்டு சும்மா குடுங்கப்பாங்கறான். சொன்னா உங்களுக்குத் தூக்கம் வராது. சொல்லலைன்னா எனக்கு வராது. படுக்கப்போற ஆளு முடிவு பண்ணட்டும்னு சொல்லிடறேன்.”

“இனிமே வர்றவங்ககிட்டயும் சொல்வீங்களா?”

“இனிமே கொஞ்சம் சுலபம் சார்” என்று சிரித்தார். “அதுக்கப்புறம் ஒருத்தர் தங்கினார், நல்லாத் தூங்கி எழுந்து போனார்னு சேத்துச் சொல்லலாம்ல.”

அந்த ‘ஒருத்தர்’ இருநூறு ரூபாய் குறைத்தார் என்பதை அவர் யாரிடமும் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நானே இங்கே சொல்லிவிட்டேன்.

அந்த இருநூறு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வரவு என்று எழுதுவதா, கடன் என்று எழுதுவதா? ஐந்தொகையில் அதை எந்தப் பக்கம் காட்டுவது என்று பி.காம்.-இல் சொல்லித் தரவில்லை.